சாரதியும் சான்றிதழும்

தில்லியின் சுற்றுவட்டச் சாலையிலோ, நாகபுரியின் நாற்சந்தியிலோ, குவாஹாட்டியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலோ நாம் நிற்கும்போது, பின்பலகையில் தமிழெழுத்துகளைத் தாங்கிய சரக்கு லாரி ஒன்று நம்மைக் கடந்து போகுமானால், நம் உள்ளமும் சிறிது தூரம் அதன் பின்னே ஓடுகிறது. எண் பலகையைப் பார்த்து, இது நாமக்கல் வண்டி, இது சேலத்து வண்டி என்று சொல்லிக்கொள்கிறோம். முகப்பில் எழுதியிருக்கும் குலதெய்வத்தின் பெயரைப் படித்து, எந்த ஊராராக இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறோம். ஆனால் வண்டியைச் செலுத்துபவர் அந்த ஆசனத்துக்கு எவ்வாறு வந்தார், அவருக்குக் கற்பித்தவர் யார், அவரைச் சோதித்து ‘நீர் ஓட்டலாம்’ என்று எழுதிக் கொடுத்தவர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் அடுப்பில் எரியும் எரிவாயுவும், பிறமாநிலச் சந்தையில் நாம் தேடி வாங்கும் ஊர்ச் சாமான்களும் அவர் கையை நம்பி வருகின்றன. சாலையைக் கடக்கும் நம் குழந்தைகளின் உயிரும் அதே கையை நம்பியிருக்கிறது. ஆகவே, அந்தக் கைக்குப் பயிற்சியும் உரிமமும் கிடைத்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது வீண்போகாது.

சரக்கு வண்டி ஓட்டுவது நம் நாட்டில் பழைய தொழில். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பேற்றிச் சென்ற உமணர்களின் வண்டிகளைச் சங்கப் பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன. நெடுவழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று முன்கூட்டியே எண்ணி, மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு அவர்கள் சென்றார்கள் என்று புறநானூற்றால் அறிகிறோம். இன்று லாரியின் அடியில் தொங்கும் ‘ஸ்டெப்னி’ச் சக்கரத்துக்கு அந்த அச்சை மூதாதை எனலாம்.

வண்டியோட்டியின் பொறுப்பைப் பற்றிய சட்டமும் புதிதன்று. மைசூரில் சாமசாஸ்திரியார் கண்டெடுத்து 1909-ஆம் ஆண்டில் அச்சேற்றிய கௌடலீயரின் அர்த்தசாஸ்திரத்தில் இதைப் பற்றிய விதிகள் உள்ளன. வண்டியோட்டுபவன் வயது வராத சிறுவனாக இருந்தால், வண்டியில் அமர்ந்திருக்கும் எஜமானன் தண்டனைக்கு உரியவன். எஜமானன் இல்லாவிடில், ஏறியிருக்கும் மற்றவன் பொறுப்பாவான். சிறுவர் மட்டுமே இருக்கும் வண்டியை அரசன் கைப்பற்றிக்கொள்ளலாம். தகுதியற்றவன் கையில் வண்டியைக் கொடுத்தவனும் குற்றவாளியே என்னும் இக்கொள்கையை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம். இந்த வரலாற்றின் முடிவில் அதை மீண்டும் சந்திக்க நேரும்.

மோட்டார் வண்டி இந்திய வீதிகளுக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே சட்டமும் அதைத் தொடர்ந்து வந்தது. வங்காளம் 1903-ஆம் ஆண்டிலும், பம்பாய் 1904-ஆம் ஆண்டிலும், சென்னை மாகாணம் 1907-ஆம் ஆண்டிலும் தத்தமக்கென மோட்டார்ச் சட்டங்களை இயற்றிக்கொண்டன. மாகாணத்துக்கு ஒரு சட்டம் என்ற நிலை நீடிக்கவில்லை. 1914-ஆம் ஆண்டில் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர் பொதுச் சாலையில் மோட்டார் ஓட்டலாகாது என்றும், உரிமமின்றி எவரும் ஓட்டலாகாது என்றும் அது விதித்தது. அந்நாளில் மோட்டார் என்பது பெரும்பாலும் சீமான்களின் ஊர்தி. அதை ஓட்டியவர் மாளிகையின் பணியாளர்களுள் ஒருவர். சரக்குகள் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் சென்றன. ஆகவே, பாரவண்டி ஓட்டுவதைத் தனிக் கலையாகக் கருத வேண்டிய அவசியம் அச்சட்டத்தை இயற்றியவர்களுக்கு நேரவில்லை.

அந்த அவசியம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நேர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பேருந்துகளும் லாரிகளும் பெருகின. ஜெயகர் தலைமையில் அமைந்த சாலை அபிவிருத்திக் குழு 1928-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. அடுத்த ஆண்டே மத்திய சாலை நிதி ஏற்பட்டது. சாலை வளர வளர, ரயிலின் வருமானம் குறைகிறதே என்ற கவலை சர்க்காருக்குப் பிறந்தது. மிட்சல், கர்க்னெஸ் என்னும் இரு அதிகாரிகள் ரயிலுக்கும் சாலைக்கும் இடையே இருந்த போட்டியை ஆராய்ந்து 1933-ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தார்கள். இவற்றின் பயனாக வந்ததே 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். லாரிகளுக்குப் ‘பர்மிட்’ என்னும் அனுமதிச் சீட்டை ஏற்படுத்தி அவற்றின் ஓட்டத்துக்கு எல்லை வகுத்ததற்கு, ரயிலைக் காக்கும் நோக்கமும் ஒரு காரணம். ஆனால் அதே சட்டம் ஓட்டுநரைப் பற்றியும் முதன்முறையாக விரிவாகச் சிந்தித்தது.

சொந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொள்பவரையும், ஊதியம் பெற்றுப் பிறர் வண்டியை ஓட்டுபவரையும் அச்சட்டம் வேறுபடுத்தியது. பின்னவரின் உரிமத்தில் அதற்கெனத் தனி அதிகாரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். சரக்கு வண்டிக்கும் பயணி வண்டிக்கும் வயது வரம்பு இருபதாக உயர்ந்தது. கண்பார்வைக்கு ஒரு சோதனை வந்தது: நல்ல பகல் வெளிச்சத்தில் இருபத்தைந்து கஜத் தொலைவில் நிற்கும் மோட்டாரின் எண் பலகையைப் படிக்க வேண்டும். வண்டியைப் புறப்படச் செய்தல், திருப்புதல், பின்னோக்கிச் செலுத்துதல், நிறுத்துதல் ஆகியவற்றை அதிகாரி முன்னிலையில் செய்து காட்ட வேண்டும். சாலைக் குறியீடுகளின் படங்களும் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் சேர்க்கப்பட்டன. பல மொழிகள் வழங்கும் நாட்டில், எழுத்தறியாதவரும் படித்துக்கொள்ளக்கூடிய மொழி படமொழி ஒன்றே அல்லவா? மாகாண விதிகளின்படி ஓட்டுநர்கள் சட்டையில் அணிந்த உலோக வில்லை நம் முன்னோர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. ‘பேட்ஜ் வாங்கிவிட்டான்’ என்றால், பிள்ளை தலையெடுத்துவிட்டான் என்று ஊரில் பொருள்.

சட்டம் சோதனையை வகுத்தது. கற்பிப்பதற்கு ஏற்பாடு செய்யவில்லை. அந்தப் பள்ளியை முதலில் பெரிய அளவில் நடத்தியது போர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியத் தரைப்படை ஏறத்தாழ இரண்டு லட்சத்திலிருந்து இருபத்தைந்து லட்சமாகப் பெருகியது. அதன் தளவாடங்களைச் சுமந்தவை லாரிகள். ஏரும் கலப்பையுமாக இருந்த கிராமத்து இளைஞர்கள், சில மாதப் பயிற்சியில் எஞ்சினின் உறுப்புகளைப் பெயர் சொல்லி அறிந்தார்கள். வட ஆப்பிரிக்க மணலிலும் பர்மாவின் சேற்றிலும் வண்டி ஓட்டினார்கள். போர் முடிந்தபின் படையினரும் ஊர் திரும்பினர். உபரி ராணுவ லாரிகளும் ஏலத்துக்கு வந்தன. பழைய ராணுவ வண்டியும் பழைய ராணுவ ஓட்டுநரும் ஒன்றுசேர்ந்த இடமெல்லாம் ஒரு லாரித் தொழில் தொடங்கியது என்றால் அது மிகையாகாது.

சுதந்திர இந்தியாவில் இத்தொழில் விரைந்து வளர்ந்தது. எண்ணூரில் 1948-ஆம் ஆண்டில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரிலிருந்து டாட்டா–மெர்சிடிஸ் லாரிகள் 1954-ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. லாரிகளை ஆலைகள் தந்தன. ஓட்டுநர்களைத் தந்தது எது? இங்கேதான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இடம்பெறாத ஒரு கல்விச்சாலையைப் பற்றி நாம் சொல்ல வேண்டும். அதன் மாணவருக்குக் கிளீனர் என்று பெயர்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் வீட்டின் வறுமையால் லாரியில் ஏறிய சிறுவர்கள் பல்லாயிரவர். கிளீனர் பையனின் நாள் விடியுமுன் தொடங்கும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதும், கண்ணாடியைத் துடைப்பதும், இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி ஒலியைக் கொண்டே காற்றின் அளவைச் சொல்வதும் அவன் முதற்பாடங்கள். லோடு ஏறியபின் தார்ப்பாய் விரித்துக் கயிறு இழுத்துக் கட்டுவது அடுத்த பாடம். முடிச்சு தளர்ந்தால் சரக்கு சரியும், சரக்கு சரிந்தால் வளைவில் வண்டியே கவிழும் என்பதை அவன் அங்கே கற்றான். மேட்டில் வண்டி நின்றால் குதித்தோடிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பான். வலப்புறம் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு இடப்புறத்துக் கண் அவனே. பின்னோக்கி எடுக்கும்போது ‘வரலாம், வரலாம்’ என்று குரல் கொடுத்து, வண்டியின் நீளத்தையும் அகலத்தையும் தன் உடம்பின் அளவைப்போல் அறிந்துகொள்வான். வழியில் வண்டி நின்ற இடத்தில் அடுப்பு மூட்டிச் சோறாக்குவதும், இரவில் சரக்குக்குக் காவலிருப்பதும் அவன் பொறுப்பே.

இவ்வாறு சில ஆண்டுகள் கழிந்தபின், ஆளரவமற்ற ஒரு நள்ளிரவில், நேரான ஒரு சாலையில், ‘இந்தா, கொஞ்சம் பிடி’ என்று ஓட்டுநர் தம் ஆசனத்தை விட்டு நகர்வார். அன்றைய கியர்ப் பெட்டிகள் பலவற்றில் கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் வேகத்தைக் காதால் அளந்து கியரை மாற்ற வேண்டும். தவறினால் பற்கள் அரைபட்டு அலறும். அந்த ஓசையும் ஓட்டுநரின் வசைச் சொல்லும் ஒருங்கே காதில் விழ, பையன் கற்றான். பாடநூல் இல்லை, கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. குருவுக்குப் பணிவிடை செய்து கற்கும் பழைய முறை எஞ்சினோடு கூடி ஓடியது.

இந்த முறையை நாம் முற்றிலும் புகழ்வதற்கில்லை. முற்றிலும் இகழ்வதற்கும் இல்லை. வண்டியின் நோயைக் காதால் அறியும் திறனையும், நெடுவழியில் உடைந்து நின்றால் கலங்காமல் பழுது பார்க்கும் திண்மையையும் அது தந்தது. ஆனால் குருவின் குணத்தோடு அவருடைய குற்றமும் சீடனுக்கு வந்தது. அளவுக்கு மேல் பாரமேற்றுவதும், தூக்கத்தை ஒத்திப் போடுவதும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கைத் தணிக்காமல் விரைவதும் பரம்பரைச் சொத்தாயின. மேலும், பழகுநர் உரிமமின்றி நள்ளிரவில் நடந்த அப்பயிற்சி சட்டத்துக்குப் புறம்பானது. பையன் பரீட்சைக்குப் போன நாளில் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டினான். சில வேளைகளில் அதுவுமின்றி, தரகர் ஒருவர் கைமாற்றிய தொகையே எட்டுப் போட்டது. கற்றது ஓரிடம், சோதித்தது வேறிடம் என்ற இந்தப் பிளவுதான் நம் ஓட்டுநர் பயிற்சி வரலாற்றின் ஆழ்ந்த குறை.

தொழிலாளியின் உடல்நலத்தைச் சட்டம் மறந்துவிடவில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டி, தொடர்ந்து 5 மணி நேர உழைப்புக்குமேல் அரைமணி ஓய்வு வேண்டும் என்றது. எனினும், சாலையில் நிலவிய வழக்கம் வேறு. 1975-ஆம் ஆண்டில் தேசிய பர்மிட் முறை வந்தது. ஒரே அனுமதியோடு பல மாநிலங்களில் லாரி ஓடும் வழி திறந்தது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் புறப்பட்ட வண்டிகள் வடகோடி வரை செல்லலாயின. பாதை நீண்டது, ஓட்டுநரின் உறக்கம் சுருங்கியது.

பயிற்சியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த பெருமை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தைச் சாரும். 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டமும், பின்னர் அதற்குச் செய்யப்பட்ட திருத்தங்களும் ஒரு படிக்கட்டை அமைத்தன. இலகு ரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பிறகே போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கேட்கலாம். மருத்துவச் சான்று வேண்டும். உரிமம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றிதழும் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் பாடத்திட்டத்தையே வகுத்தன: போக்குவரத்து வாகனப் பயிற்சி 30 நாட்களுக்குக் குறையலாகாது, அதில் 15 மணி நேரமாவது மாணவர் தாமே ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டியிருக்க வேண்டும். எஞ்சினின் இயல்பும், முதலுதவியும், தீயணைப்பும், சாலை ஒழுக்கமும் பாடங்களாயின. கிளீனர் பையன் பல ஆண்டுகளில் கற்றதை முப்பது நாட்களில் கற்பிக்க முடியுமா என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பையனுக்கு எவரும் கற்பிக்காத பலவற்றை இந்த முப்பது நாட்கள் கற்பிக்கக்கூடும். தமிழ்நாட்டில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் நடத்திய கனரக வாகனப் பயிற்சியும், மாநில அரசும் அசோக் லேலண்டும் இணைந்து நாமக்கல்லில் நிறுவிய பயிற்சி நிலையமும் இவ்வகை முறையான கல்விக்கு எடுத்துக்காட்டுகள்.

இனி வருவது ஒரு தரும சங்கடம். 2007-ஆம் ஆண்டின் திருத்த விதிகள், புதிதாகப் போக்குவரத்து வாகன உரிமம் கேட்பவர் எட்டாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும் என்று விதித்தன. முன்னரே உரிமம் வைத்திருந்தவர்களுக்கு விலக்கு இருந்தது. விதியின் நோக்கம் நல்லது: சாலைப் பலகையையும் சரக்குச் சீட்டையும் படிக்கத் தெரிந்தவர் வண்டியோட்ட வேண்டும் என்பது நியாயமே. ஆனால் பள்ளிக்குப் போக முடியாததனால்தானே பலர் லாரியில் ஏறினார்கள்? வறுமை அடைத்த பள்ளிக் கதவின் பெயரால், அவ்வறுமை திறந்துவிட்ட ஒரே தொழிலின் கதவையும் அடைப்பது நீதியா என்ற கேள்வி எழுந்தது. ஓட்டுநர் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் மிகுந்த ஹரியானாவின் மேவாத் பகுதிக்காக, அம்மாநில அரசு மத்திய அரசிடம் முறையிட்டது. 2019 ஜூன் மாதத்தில், கல்வித் தகுதியை நீக்க முடிவு செய்திருப்பதாக மத்திய அரசு அறிவித்தது. அவ்வாண்டிலேயே விதி நீங்கியது. நாட்டில் ஏறத்தாழ 22 லட்சம் ஓட்டுநர்களுக்குக் குறை இருப்பதையும் அந்த அறிவிப்பு சுட்டியது. பள்ளிப் படிப்பை விட்டுக்கொடுத்தாலும் பயிற்சியை விட்டுக்கொடுப்பதற்கில்லை. குறியீடுகளைப் படிக்கவும், வண்டியைச் சோதிக்கவும், பயணக் குறிப்புகளை எழுதவும் பயிற்சிப் பள்ளியே கற்றுத்தர வேண்டும் என்பது அரசின் விளக்கம்.

இந்த முடிவு சரியா, தவறா? எட்டாம் வகுப்புச் சான்றிதழ் ஒரு மனிதனின் நிதானத்தை அளக்காது. அதே நேரத்தில், எழுத்தறியாமையை ஓட்டுநரின் பொறுப்பிலேயே விட்டுவிடுவதும் கருணையாகாது. அபாயகரமான சரக்குகளை ஏற்றிச் செல்பவர் அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள இந்திய மொழிகளுள் ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டும் என்று விதிகள் வகுத்ததை இங்கே நினைவுகூரலாம். எரிவாயு டாங்கரின் பக்கத்தில் ஒட்டிய எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாமற்போனால், ஒரு தெருவே அழியக்கூடும். நாமக்கல் வட்டாரத்துக்கு டாங்கர் லாரித் தொழிலில் பெரும்பங்கு உண்டாதலால், இவ்விதி நம்மவரை நேரே தொடுகிறது. சட்டச் சொற்களைத் தமிழாக்கும் பணியில் இருப்போர்க்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ‘உரிமம்’ என்று நாம் அழகாக எழுதிவிடலாம். அச்சொல் தாங்கிய படிவத்தை லாரிக்காரர் தாமே படித்து நிரப்பும் நாளில்தான் அந்த மொழிபெயர்ப்பு நிறைவு பெறும்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் இடையே இருந்த பிளவை அடைக்கும் முயற்சியும் அண்மையில் நடந்தது. 2021 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதிகள், அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு இடமளித்தன. மெய்ச் சாலையைப் போலவே காட்டும் பயிற்சிக் கருவியும், தனிச் சோதனைத் தடமும் கொண்ட அம்மையங்களில் கனரக வாகனப் பயிற்சிக்கு ஆறு வாரங்களில் 38 மணி நேரம் என்று வகுக்கப்பட்டது. அங்கே தேறியவருக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் ஓட்டும் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. கற்பிப்பவரே தேர்ச்சியையும் உறுதி செய்வதால், அவருடைய நேர்மையே இனி முழுப் பிணை. அது தளருமானால், பழைய தரகர் புதிய கட்டிடத்தில் குடியேறியதாகவே முடியும்.

நீதிமன்றமும் இவ்வரலாற்றில் ஓர் அத்தியாயத்தை எழுதியது. 7,500 கிலோகிராம் மொத்த எடைக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை ஓட்ட இலகு ரக உரிமமே போதும் என்று 2017-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியதை, ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. சிறு சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்போர்க்கும், இழப்பீட்டை நாடி நின்ற விபத்துக் குடும்பங்களுக்கும் அது ஆறுதல். பெரிய லாரிக்கு வேண்டிய தனித் தகுதி அதனால் குறையவில்லை.

இத்தனை சட்டங்களுக்குப் பின்னும், 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். குற்றம் முழுவதும் லாரிக்காரர்மீது சாராது. அவர்களே பலராய் மாண்டவர்களில் சேர்ந்திருக்கிறார்கள். உறக்கமின்மையும், கோணலான சாலையும், சரக்கு விரைந்து சேர வேண்டும் என்று நெருக்கும் உரிமையாளரும் சேர்ந்தே விபத்தை உண்டாக்குகிறார்கள். 2025 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் உற்பத்தியாகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று அரசு விதித்தது, ஓட்டுநரும் வெயிலில் வாடும் மனிதரே என்று நாடு காலந்தாழ்த்தியேனும் உணர்ந்ததன் அடையாளம்.

பிறமாநிலங்களில் வாழும் நம் இளைஞருள் இத்தொழிலை நாடுவோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். எம்மாநிலத்தில் பெற்றாலும் ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும். தாம் வசிக்கும் மாநிலத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்காகச் சொந்த ஊருக்குப் பயணப்பட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தால் போக்குவரத்து வாகன உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாயிற்று. குறுக்கு வழியில் உரிமம் வாங்கித் தருவதாக எவரேனும் அணுகினால், அவர் விற்பது உரிமத்தையன்று, ஓர் உயிரை என்று எண்ணி விலகுக.

நாட்டின் உரிமங்களையெல்லாம் தொகுத்து வைக்கும் மத்திய அரசின் கணினி ஏற்பாட்டுக்குச் ‘சாரதி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். பொருத்தமான பெயர். பாரதப் போரில் தேரோட்டியாக அமர்ந்தவனைத் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி என்று கும்பிடுபவர்கள் நாம். அதே 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், வயது வராத சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் அவனுடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பாவர் என்று விதித்தது. அர்த்தசாஸ்திரம் சொன்ன இடத்துக்கே நாம் சுற்றி வந்திருக்கிறோம். வண்டியை ஓட்டுபவர் ஒருவரே ஆனாலும், அவர் கையில் அதைக் கொடுத்தவர், அவருக்குக் கற்பித்தவர், அவரைச் சோதித்தவர் அனைவரும் அந்த ஆசனத்தில் அவரோடு அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த முறை நெடுஞ்சாலையில் தமிழெழுத்துத் தாங்கிய லாரி நம்மைக் கடக்கும்போது, அதன் ஓட்டுநர் நன்கு கற்றவராகவும், நன்கு உறங்கியவராகவும், பத்திரமாக வீடு திரும்புபவராகவும் இருக்க வேண்டும் என்று நாம் வாழ்த்துவோமாக.